பழைய கார் ஏசியை ஆர்-12இலிருந்து ஆர்-134ஏவுக்கு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏசியைப் பற்றி என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். கேட்கும் வரிசைகூட மாறுவதில்லை. முதலில் கேஸைப் பற்றிக் கேட்பார்கள் (ஏசிக்குள் சுற்றிவந்து குளிர்விப்பது அதுதான்; பழையது ஆர்-12, அதற்குப் பதில் வந்தது ஆர்-134ஏ), ஆயிலின் நினைவு கடைசியில்தான் வரும். வேலையில் முக்கியத்துவம் இதற்கு நேர்மாறாக இருப்பதால், வந்த சந்தேகங்களையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

என் காரில் எந்த கேஸ் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பானட்டைத் திறந்து, ஏசி குழாய்களில் கேஜ் (அழுத்தமானி) மாட்டும் சர்வீஸ் வால்வுகளைப் பாருங்கள். ஆர்-12 வால்வு டயர் வால்வைப் போல வெளிப்புறம் மரையுள்ள ஒல்லியான முனை. கேஜ் ஹோஸைத் திருகித்தான் மாட்ட முடியும். ஆர்-134ஏ வால்வு தடித்தது, அமுக்கினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும் கப்ளருக்காகச் செய்யப்பட்டது, லோ பக்கம் (அழுத்தம் குறைந்த பக்கம்) 13 மில்லிமீட்டர், ஹை பக்கம் (அழுத்தம் மிகுந்த பக்கம்) 16 மில்லிமீட்டர் என்று அளவும் வேறுபடும், ஆகவே பக்கம் மாற்றி மாட்ட வழியில்லை. கண்டன்சருக்கு (கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் பாகம்) அருகிலோ பானட்டின் உட்புறத்திலோ உள்ள ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எடையும் அச்சிட்டிருக்கும். அந்த எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

கார் பல கை மாறியிருந்தால் வால்வையும் ஸ்டிக்கரையும் மட்டும் நம்ப முடியாது. மரையுள்ள பழைய வால்வின் வழியாகவே யாரேனும் 134ஏவை ஏற்றியிருக்கலாம். அத்தகைய காருக்கு, கேஸின் வகையைச் சொல்லும் ஐடென்டிஃபயர் கருவி வைத்திருக்கும் இடத்தில் ஒருமுறை சோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆர்-12 நன்றாகத்தானே குளிர்ந்தது, அதை ஏன் நிறுத்தினார்கள்?

குளிர்விப்பதில் அதற்கு எந்தக் குறையும் இல்லை. அதன் மூலக்கூறில் குளோரின் இருக்கிறது. காற்று மண்டலத்தில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சிதையாமல் நிற்பதால், மெல்ல மேலேறி ஓசோன் அடுக்கை அடைந்து, அங்கே புற ஊதாக் கதிரால் உடைந்து, விடுபடும் குளோரின் ஓசோனை அழிக்கிறது. மோலினா, ரோலண்ட் ஆகிய இரு வேதியியலாளர்களும் 1974இல் இதை எடுத்துச் சொன்னார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாகி, உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. கார் நிறுவனங்கள் பெரும்பாலும் 1990களின் முற்பகுதியிலிருந்து ஆர்-134ஏவுக்கு மாறத் தொடங்கின. இதில் குளோரின் கிடையாது. அந்தக் குளோரின் இன்மைதான் கீழே வரும் பாதிச் சிக்கல்களுக்கும் காரணம்.

என் ஏசி இன்னும் நன்றாகக் குளிர்கிறது. இப்போதே மாற்றிவிடலாமா?

வேண்டாம். கசிவில்லாமல் ஓடுகிற ஆர்-12 ஏசியைத் திறப்பதால் எந்த லாபமும் இல்லை. மாற்றிய பிறகு முன்பிருந்ததைவிடச் சற்றுக் குறைவாகத்தான் குளிரும். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் பழுதாகும்போதோ, காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் கசியும்போதோ, வேறு காரணத்தால் குழாய்களைத் திறக்க வேண்டி வரும்போதோ மாற்றுங்கள். எப்படியும் செய்தாக வேண்டிய வேலையோடு இதுவும் சேர்ந்து முடியும்.

பழைய கேஸை எடுத்துவிட்டுப் புதிய கேஸை ஏற்றினால் போதாதா? பலரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள், அந்தக் கார்களில் சில ஓரிரு கோடைகள் ஓடவும் செய்கின்றன. ஆனால் ஏசிக்குள் சுற்றி வருவது கேஸ் மட்டுமல்ல. கம்ப்ரசருக்கு உயிர் கொடுக்கும் ஆயிலையும் கேஸ்தான் சுமந்து திரிகிறது. ஆர்-12 மினரல் ஆயிலோடு (கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் பழைய வகை ஆயில்) கலந்து, காயில் வரை போய், அதைத் திரும்பக் கம்ப்ரசருக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஆர்-134ஏ மினரல் ஆயிலோடு கலப்பதில்லை. கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் ஆயில் கண்டன்சரின் அடியிலும் கூலிங் காயிலிலும் தேங்கிக் கிடக்க, கம்ப்ரசர் வறண்டு ஓடும். இதோடு, ஆர்-12இல் இருந்த குளோரின் உலோகப் பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் தேய்மானத்தைக் குறைத்து வந்தது. புதிய கேஸில் அந்த உதவியும் இல்லை.

பழைய கேஸை வெளியே திறந்து விடுவதும் கூடாது. மீட்பு இயந்திரத்தால் உறிஞ்சி உருளையில் சேர்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கொஞ்சம் ஆர்-12 உள்ளேயே இருக்கிறது. அதன் மேலேயே 134ஏவை நிரப்பலாமா?

கூடாது. இரண்டும் கலந்தால் கலவையின் அழுத்தம் தனித்தனியே இரண்டின் அழுத்தத்தையும்விட மேலே போகிறது. கேஜ் காட்டும் எண்ணை எந்த அட்டவணையோடும் ஒப்பிட முடியாது. அந்தக் கலவையைப் பிரித்து மறுபடி பயன்படுத்தவும் வழியில்லை. மீட்பு இயந்திரத்தில் ஏறினால், அதில் ஏற்கெனவே சேர்த்து வைத்த நல்ல கேஸும் பாழாகும்.

எந்த ஆயில் ஊற்றுவது? பேக் என்கிறார் ஒருவர், எஸ்டர் என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமே செயற்கை ஆயில்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், இடம்தான் வேறு. பேக் ஆயில் என்பது 134ஏவுக்காகவே வடிவமைத்த கார்களில் தொழிற்சாலையிலேயே ஊற்றப்படுவது, உயவுத்திறன் சிறப்பானது. ஆனால் பழைய ஆர்-12 விட்டுச்சென்ற குளோரின் மிச்சத்தோடு அதற்கு ஒத்துப்போகாது. மினரல் ஆயிலோடும் கலக்காது. காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு இழுத்துக்கொள்ளும் குணமும் உண்டு; மூடி திறந்த டப்பாவில் வாரக்கணக்கில் கிடந்த பேக் ஆயிலை நான் பயன்படுத்த மாட்டேன். எஸ்டர் ஆயில், உள்ளே எஞ்சியிருக்கும் சிறிதளவு மினரல் ஆயிலையும் பழைய கேஸின் மிச்சத்தையும் பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே, பழைய கம்ப்ரசரையே வைத்துக்கொண்டு, குழாய்களை ஓரளவுக்குத்தான் கழுவ முடிந்தது என்றால் எஸ்டர். கம்ப்ரசரும் கண்டன்சரும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதியவை, மீதமுள்ளதையும் முழுக்கக் கழுவியாயிற்று என்றால், கம்ப்ரசர் தயாரிப்பாளர் குறிப்பிட்ட பாகுத்தன்மையுள்ள பேக். புதிய கம்ப்ரசருக்குள் தொழிற்சாலை ஆயில் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து, மாற்றிய ஏசி சீக்கிரம் கெடுவதற்கு இந்த ஒரு கேள்வியை அலட்சியப்படுத்தியதுதான் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது.

பழைய ஆயிலை எப்படி முழுவதும் வெளியேற்றுவது? புதிய ஆயில் எவ்வளவு?

கம்ப்ரசரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, கிளட்ச் தகட்டைக் கையால் சுற்றச் சுற்ற, மினரல் ஆயில் நூலாக வடியும். அவசரப்படாமல் அரை மணி நேரமாவது வடிய விடுங்கள். வடிந்ததை அளவுக் குவளையில் பிடித்து, நிறத்தையும் பாருங்கள். தேன் நிறமென்றால் நல்லது. சாம்பல் நிறமாகி, வெளிச்சத்தில் பிடித்தால் மின்னும் தூள் தெரிந்தால், அது கம்ப்ரசரின் உள்ளுறுப்பு அரைபட்ட உலோகம். அந்தக் கம்ப்ரசரைத் திரும்பப் பூட்டாதீர்கள்.

நேரான குழாய்கள், கூலிங் காயில், பழைய வகைக் கண்டன்சர் ஆகியவற்றை ஏசிக்கென்றே விற்கும் கழுவு திரவத்தால் கழுவி, உலர்ந்த நைட்ரஜனால் ஊதி, திரவத்தின் வாடைகூட மிஞ்சாதபடி உலர்த்த வேண்டும். கம்ப்ரசர், டிரையர், காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு ஆகிய மூன்றையும் கழுவக் கூடாது. புதிய ஆயிலின் மொத்த அளவு பெரும்பாலும் பழைய மொத்த அளவேதான். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றினால், கூடுதல் ஆயில் காயிலின் உட்சுவரில் படிந்து குளிரைக் குறைக்கும்.

ரப்பர் ஹோஸ்களை எல்லாம் மாற்ற வேண்டுமா?

ஆர்-134ஏவின் மூலக்கூறு சிறியது. பழைய நைட்ரைல் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே அது மெல்ல வெளியேறும். 134ஏ கார்களில் வரும் ஹோஸ்களின் உட்புறம் இதைத் தடுக்க நைலான் படலம் இருக்கும். அதே வேளை, பல ஆண்டுகள் மினரல் ஆயிலில் ஊறிய ஹோஸின் உட்சுவர் ஓரளவுக்குத் தானே ஒரு தடையாகிவிடுகிறது. வெடிப்பில்லாத பழைய ஹோஸோடு மாற்றிய பல கார்கள் ஒழுங்காகவே ஓடுகின்றன. ஹோஸைக் கையில் வளைத்துப் பாருங்கள்: மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலோ, கிரிம்ப் செய்த உலோக வளையத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தாலோ மாற்றுங்கள். மாற்றுவதென்றால் நைலான் படலமுள்ளதையே போடுங்கள்.

இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. திறந்த ஒவ்வொரு இணைப்பிலும் புதியது வேண்டும். இருபது, முப்பது ஆண்டு அழுத்தத்தில் இருந்த பழைய ஓ-ரிங்கைக் கழற்றிப் பார்த்தால், உருண்டையாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு சப்பையாகிச் சதுரமாகியிருக்கும். நகத்தால் நெம்பினால் இழுபடாமல் முறியும். புதியது எச்என்பிஆர் வகை ரப்பராக இருக்கட்டும். பெரும்பாலும் பச்சை நிறத்தில் வருவதால் ‘பச்சை ஓ-ரிங்’ என்றே பலரும் கேட்டு வாங்குகிறார்கள், ஆனால் நிறம் உத்தரவாதம் ஆகாது. மாட்டும் முன் ஆயில் தடவ மறக்காதீர்கள். என் முதல் காரில் உலர்ந்த ஓ-ரிங்கை அப்படியே வைத்து முடுக்கினேன். அது பள்ளத்தில் உட்காராமல் முறுக்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் கேஸ் முழுவதும் போயிற்று.

டிரையரைப் போன வருடம்தான் மாற்றினேன். அதையும் தூக்கிப் போட வேண்டுமா?

ஆம். டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளில் வகைகள் உண்டு. ஆர்-12 காலத்து எக்ஸ்ஹெச்-5 மணிகள் 134ஏவுக்கு ஏற்றவை அல்ல. எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 வேண்டும். மேலும், குழாய்கள் திறந்து கிடந்த நேரத்தில் டிரையர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நிறைந்திருக்கும். புதிய டிரையரின் மூடிகளை எல்லா வேலையும் முடிந்து வேக்குவம் போடுவதற்கு (பம்பால் உள்ளிருப்பதை உறிஞ்சி எடுப்பதற்கு) சற்று முன்புதான் கழற்ற வேண்டும். காலையில் கழற்றி வைத்துவிட்டு மாலையில் பூட்டினால், அது பழைய டிரையருக்குச் சமம்.

பழைய கம்ப்ரசர் 134ஏவைத் தாங்குமா?

நல்ல நிலையிலுள்ள பெரும்பாலான கம்ப்ரசர்கள் தாங்கும். ஆனால் ஷாஃப்ட் சீல் விட்டான் வகை ரப்பராக இருந்தால் 134ஏவில் உப்பிவிடும். அத்தகைய கம்ப்ரசரை மாற்றத்தான் வேண்டும். ஏற்கெனவே சத்தம் போடுகிற, அல்லது முன்பக்கம் ஆயில் தெறித்த கோடு தெரிகிற கம்ப்ரசரில் புதிய கேஸை ஏற்றுவது, நொண்டி மாட்டை மேட்டு உழவுக்குப் பூட்டுவது போன்றது.

எக்ஸ்பான்ஷன் வால்வையும் ஸ்விட்சுகளையும் தொட வேண்டுமா?

எக்ஸ்பான்ஷன் வால்வு நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விடலாம். காயிலைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் 134ஏ வால்வைப் போட்டுவிடுவது உத்தமம். வால்வுக்குப் பதில் ஆரிஃபிஸ் டியூப் (வலையோடு கூடிய, சிறு துளையுள்ள குழாய்) உள்ள கார்களில் அதைக் கட்டாயம் வெளியே இழுத்து, வலையில் சிக்கியதைப் பார்த்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும்.

ஸ்விட்சுகளில் இரண்டு முக்கியம். முதலாவது, ஹை பக்க அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசர் கிளட்சைத் துண்டிக்கும் ஸ்விட்ச். சில பழைய கார்களில் இது கிடையாது. அழுத்தம் மிஞ்சினால் கேஸை வெளியே பீய்ச்சிவிடும் ரிலீஃப் வால்வு மட்டும்தான் இருக்கும். அத்தகைய காருக்கு இந்த ஸ்விட்சைப் புதிதாகச் சேர்க்காமல் மாற்றத்தை முடிக்காதீர்கள். இரண்டாவது, லோ பக்க அழுத்தத்தைப் பார்த்துக் கம்ப்ரசரை நிறுத்தி ஓட்டும் ஸ்விட்ச். உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் 134ஏவின் அழுத்தம் ஆர்-12ஐவிடக் குறைவு என்பதால், சுமார் 1.7 பாரில் நிறுத்தும்படி இருந்ததைச் சுமார் 1.5 பாருக்கு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் காயில் முழுக் குளிர்ச்சி அடையும் முன்பே கம்ப்ரசர் நின்றுவிடும்.

வேக்குவம் எவ்வளவு நேரம் போட வேண்டும்?

குறைந்தது 45 நிமிடம். பல நாள் திறந்து கிடந்த அமைப்பென்றால் ஒன்றரை மணி நேரம். வேக்குவத்தின் முதல் வேலை காற்றை எடுப்பது. அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். நேரம் பிடிப்பது ஈரத்துக்குத்தான். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்குக் கீழே வெகுநேரம் வைத்திருந்தால்தான் ஈரம் ஆவியாகி வெளியேறும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைத் திருப்பி மாட்டி உறிஞ்சும் கைவித்தையால் அந்த ஆழத்தை நம்பிக்கையோடு எட்ட முடியாது. மலைப்பகுதியில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உயரம் கூடக் கூட கேஜின் வேக்குவ முள் குறைவாகவே காட்டும், அது பம்பின் குறையல்ல.

பம்பை நிறுத்தி, கேஜ் வால்வுகளை மூடிவிட்டு, அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். சிறிதளவு ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது.

ஸ்டிக்கரில் 1 கிலோ ஆர்-12 என்று இருக்கிறது. 134ஏவும் 1 கிலோ ஏற்றலாமா?

கூடாது. பொதுவாகப் பழைய எடையில் 75 முதல் 90 சதவீதம் வரைதான். பலரும் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு: பழைய எடையை 0.9ஆல் பெருக்கி, அதில் 113 கிராமைக் கழிப்பது. ஒரு கிலோவுக்கு 900 கழித்தல் 113, அதாவது ஏறக்குறைய 790 கிராம். நான் 75 சதவீதத்தில் நிறுத்தி, ஏசியை ஓட்டி, கேஜைப் பார்த்துவிட்டு 25, 30 கிராமாகச் சேர்ப்பேன். கேனைத் தராசின் மேல் வைத்து எடையைப் பார்த்தே ஏற்றுங்கள்.

இன்ஜின் ஓடும்போது லோ பக்கம் வழியாக மட்டுமே, கேனை நிமிர்த்திப் பிடித்து, ஆவியாக ஏற்ற வேண்டும். ஓடும்போது ஹை பக்க வால்வைத் திறந்தால் அழுத்தம் கேனுக்குள் திரும்பிப் பாய்ந்து கேன் வெடிக்கலாம். கண் காப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். திரவ 134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிறது, கண்ணில் பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிரையர் கண்ணாடியில் குமிழ் மறையும் வரை ஏற்றினால் சரிதானே? மெக்கானிக் அப்படித்தான் சொன்னார்.

டிரையரின் மேல், உள்ளே கேஸ் ஓடுவதைக் காட்டும் சிறு கண்ணாடியைத்தான் சொல்கிறார். ஆர்-12க்கு அது சரி. 134ஏவுக்கு அது பொறி. புதிய கேஸும் ஆயிலும் சேர்ந்து ஓடும்போது, அளவு சரியாக இருந்தாலும் கண்ணாடியில் பால் போன்ற நுரை தெரியக்கூடும். அது மறையும் வரை ஏற்றினால் 100, 150 கிராம் மிகையாகிவிடும்; கண்டன்சரில் ஆவி திரவமாவதற்கு வேண்டிய இடத்தைத் திரவமே அடைத்துக்கொள்ள, ஹை பக்க அழுத்தம் ஏறும், குளிரும் குறையும். குளிர் குறைகிறதே என்று இன்னும் ஏற்றுபவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன தராசுதான் அளவுகோல்.

கேஜில் எவ்வளவு காட்ட வேண்டும்?

வெளி வெப்பம் 35 டிகிரி, இன்ஜின் சுமார் 1500 சுற்று, ஃபேன் முழு வேகம், கண்டன்சருக்கு நல்ல காற்று என்றால், லோ பக்கம் 2 முதல் 3 பார், ஹை பக்கம் 14 முதல் 17 பார் வரை இருப்பது இயல்பு. லோ பக்கத்தில் 2 பார் என்றால் காயிலுக்குள் கேஸ் ஏறக்குறைய பூஜ்ஜியம், ஒரு டிகிரியில் கொதிக்கிறது என்று பொருள். கேஜ் முள்ளை இப்படி வெப்பநிலையாகப் படிக்கப் பழகினால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

இன்ஜினை அணைத்து வைத்துப் பார்க்கும் அழுத்தத்தை நம்பி அளவைக் கணிக்காதீர்கள். 30 டிகிரியில் நின்றிருக்கும் அமைப்பில் சுமார் 6.7 பார் காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 800 கிராம் இருந்தாலும், சிறிது திரவம் மிச்சமிருக்கும் வரை அதே எண்தான்.

வண்டி ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெறும் காற்று வருகிறது. கேஸ் குறைவா?

பெரும்பாலும் இல்லை. கண்டன்சர் 60 டிகிரியில் இருக்கும்போது ஆர்-12இன் அழுத்தம் கேஜில் ஏறக்குறைய 14 பார். 134ஏவுக்கு அது ஏறக்குறைய 16. ஆர்-12க்காகச் செய்த கண்டன்சர் ஓடும் காற்றில் இதைச் சமாளித்துவிடுகிறது. நின்றவுடன் காற்று குறைய, வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. ஹை கேஜை மாட்டி, இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது கண்டன்சரின் மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். முள் சரசரவென்று இறங்கி, உள்ளே குளிர் ஏறினால், குறை கேஸில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது.

மருந்து மூன்று: கண்டன்சர் இதழ்களில் அடைத்த பூச்சியையும் மண்ணையும் கழுவுதல், ரேடியேட்டருக்கும் கண்டன்சருக்கும் இடையிலுள்ள பக்கவாட்டு இடைவெளிகளை நுரைப் பட்டையால் அடைத்து, சூடான காற்று சுற்றிவந்து மறுபடி முன்னால் நுழையாமல் தடுத்தல், வலுவான மின்விசிறி. இவற்றாலும் தீராவிட்டால், பழைய பாம்பு வடிவக் கண்டன்சருக்குப் பதில் பேரலல் ஃப்ளோ வகையை (கேஸ் பல நுண்குழாய்களில் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடுவது) போடுங்கள். செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் நான் கண்டன்சரில்தான் செய்வேன்.

கசிவைக் கண்டுபிடிக்கக் காற்று கம்ப்ரசரால் அழுத்தம் கொடுக்கலாமா?

ஒருபோதும் கூடாது. ஈரம் புகுவது ஒருபுறமிருக்க, 134ஏ சாதாரணமாகத் தீப்பற்றாது என்றாலும், அழுத்தத்தில் அதிகக் காற்றோடு கலந்தால் எரியக்கூடியதாகிறது. உலர்ந்த நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். நுண்ணிய கசிவுக்கு யுவி சாயமோ எலெக்ட்ரானிக் டிடெக்டரோ உதவும். சுடர் பச்சையாவதைப் பார்த்துக் கசிவு கண்ட பழைய டார்ச் விளக்கு இங்கே பயன்படாது. அது பச்சையானது குளோரினால்தான். கசிவை அடைக்கும் என்று விற்கும் சீலன்ட் கேன்களை நான் தொடுவதில்லை. அவை மீட்பு இயந்திரங்களையும் அடைத்துவிடுகின்றன.

எதையும் மாற்றாமல் அப்படியே ஏற்றலாம் என்று சொல்லும் கேஸ்கள் உள்ளனவே? ஆர்-22 ஏற்றினால் என்ன?

அப்படி விற்கப்படுபவற்றில் பல, புரொப்பேன், பியூட்டேன் போன்ற எரிவாயுக்களின் கலவை. அவை நன்றாகவே குளிர்விக்கும், மினரல் ஆயிலோடும் கலக்கும். ஆசை காட்டுவது அதுதான். ஆனால் கூலிங் காயில் இருப்பது பயணிகளின் முழங்காலுக்கு எதிரே. புரொப்பேன் காற்றில் 2.1 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். மூன்று கனமீட்டர் உள்ளிடத்துக்கு அது வெறும் 115 கிராம் அளவுதான். எரிவாயுவுக்காக வடிவமைக்காத காரில் அதை ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆர்-22 வீட்டு ஏசிக்கானது. 60 டிகிரியில் அதன் அழுத்தம் கேஜில் 23 பாரைத் தாண்டும். ஆர்-12இன் அழுத்தத்துக்கு வடிவமைத்த ஹோஸும் ஷாஃப்ட் சீலும் அதற்கு ஈடுகொடுக்காது.

134ஏவுக்கே இப்போது தடை வருகிறதாமே. நேராக ஆர்-1234ஒய்எஃப்புக்குப் போய்விடலாமே?

134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியை வெப்பமாக்கும் ஆற்றலில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 1400 மடங்கு. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் அதற்கு இடமில்லை. மான்ட்ரியல் உடன்படிக்கையில் 2016இல் செய்த கிகாலி திருத்தம் உலக அளவில் அதன் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கிறது. குறைப்பது வேறு, அடியோடு நிறுத்துவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும் கார்களுக்காக 134ஏ இன்னும் தயாராகிறது. புதிய கார்களில் 134ஏவுக்குப் பதில் வரும் 1234ஒய்எஃப் மிதமாக எரியும் தன்மையுடையது, விலையும் பல மடங்கு. அதற்கென வடிவமைத்த காயிலும் வால்வும் ஆயிலும் வேண்டும். ஆர்-12 காலத்துக் காருக்கு இன்றைக்குப் பொருத்தமானது 134ஏதான்.

கம்ப்ரசர் உள்ளேயே நொறுங்கிவிட்டது. புதியதைப் போட்டு இதோடு கேஸையும் மாற்றிவிடலாமா?

மாற்றலாம், ஆனால் நொறுங்கிய உலோகத்தூள் எங்கே போயிற்று என்று முதலில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஹோஸ் வழியாக அது கண்டன்சரில் போய்ப் படிந்திருக்கும். ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தால், மை போன்ற கரிய குழம்பு ஒட்டும். பேரலல் ஃப்ளோ கண்டன்சரென்றால் அதன் மயிரிழைத் துளைகளை எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது. மாற்றியே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டிய புதிய கம்ப்ரசர், பழையதன் தூளையே உறிஞ்சிச் சாகும்.

மாற்றிய பிறகு பிடிக்காவிட்டால் ஆர்-12க்கே திரும்ப முடியுமா?

கேஸ் கிடைத்தால் முடியும். எஸ்டர் ஆயில் ஊற்றியிருந்தால் வேலை சற்று எளிது, பேக் ஊற்றியிருந்தால் மீண்டும் முழுக்கக் கழுவி மினரல் ஆயிலுக்குப் போக வேண்டும். 134ஏ கப்ளர் பிடிப்பதற்காகப் பழைய வால்வுகளின் மரையில் மாட்டிய அடாப்டர்களைக் கழற்ற முயன்றால் பழைய மரையும் கூடவே வந்துவிடலாம். அவை திரும்பக் கழற்றக் கூடாத வகையில்தான் பூட்டப்படுகின்றன.

எந்தப் பக்கம் போனாலும், பழைய ஸ்டிக்கரை மறைத்து, கேஸின் பெயர், ஏற்றிய கிராம், ஆயிலின் வகையும் அளவும், தேதி ஆகியவற்றை அழியாத மையால் எழுதி ஒட்டுங்கள். நான் ஒரு காரில் இதைத் தள்ளிப்போட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்துக் காயில் கசிந்தபோது, உள்ளே இருப்பது பேக்கா எஸ்டரா என்று எனக்கே நினைவில்லை. இருந்த நல்ல ஆயிலை முழுக்க வடித்து, எல்லாக் குழாயையும் மறுபடி கழுவி, முதலிலிருந்து தொடங்கினேன்.